ரைட் சொல்ல ஓர் ஆள்

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சர்க்கரையும் சம்பந்தியம்மாவின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. கோடை தொடங்கிவிட்டதால் இந்த மாடி வீட்டில் வெயில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் பேசியபோது "ம்", "சரி" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். எடுத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும். வாயால் பேசியதைப் பிறகு திருத்த முடியாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவன். காகிதம் என்றால் அடித்து எழுதலாம்.

நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ஜூலையில் பிரசவத்தின்போது யார் யார் கூட இருப்பது என்று பேச்சு வந்திருக்கிறது. அப்போது என் மகள் சம்பந்தியம்மாவிடம், "அப்பாவைக் கூப்பிட வேணாம் அத்தை. கிளம்பி வர முடியாமப் போச்சுன்னா அவருதான் மனசு ஒடிஞ்சு போவாரு" என்று சொல்லியிருக்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். தெரியும். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவள் சொன்னதில் பிழை இல்லை. மகளும் மாப்பிள்ளையும் உங்கள் வீட்டோடு குடிவந்த அன்று நான் பெட்டியோடு ரயில் நிலையம் வரை வந்தேன். வீட்டைப் பூட்டினேனா என்று ஒரு சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. வண்டி போய்விட்டது. கடைத்தெருவுக்குப் போனாலும் இதே கதைதான். பாதி வழியில் திரும்பி, மாடியேறி, பூட்டை இழுத்துப் பார்த்து, இறங்கி, மறுபடியும் ஏறுவேன். இழுத்து இழுத்து நாதாங்கி ஆடத் தொடங்கிவிட்டது.

சம்பந்தி, நான் ஜூலையில் அங்கே இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மகளுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய சம்பந்திக்கு,

நான் பேருந்து ஓட்டியவன். கடைசியாகக் கடிதம் என்று எழுதியது மேலாளரிடம் விடுப்பு கேட்டு. இதில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

உடம்பைக் கேட்டிருந்தீர்கள். வண்டி ஓடுகிறது, டாக்டர்தான் பிரேக் போடுகிறார். "தினம் காலையில நடங்க. இல்லைன்னா மாத்திரையைக் கூட்டுவேன்" என்கிறார். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டே ஊரைச் சுற்றியவனை நடக்கச் சொன்னால் எப்படி? வீட்டுக்காரி முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே என்னை முறைக்கிறாள். மருமகள் சுகம். குழந்தை உள்ளே உதைத்து விளையாடுகிறதாம். என் பேரனோ பேத்தியோ கிளட்ச் மிதித்துப் பழகுகிறது என்று சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஒப்பந்தம். இந்தக் கோடை முடிவதற்குள் நீங்கள் ஒரே தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகப் பழகுங்கள். நான் தினமும் நடக்கப் பழகுகிறேன். நீங்களும் நானும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வோம். போனில் வேண்டாம், வீட்டில் எல்லாருக்கும் பாம்புச் செவி. மருமகளுக்கு மூச்சு விடமாட்டேன். ஜூலையில் நீங்கள் வந்து வாசலில் நிற்க வேண்டும், அவள் வாயைப் பிளக்க வேண்டும்.

ஒன்று கேட்கட்டுமா? இது எப்போதிருந்து? கல்யாணத்துக்கு வந்தபோது முதல் ஆளாக வந்து மண்டபத்தைத் திறக்கச் சொன்னவர் நீங்கள். உங்கள் வீட்டுச் சம்பந்தியம்மாவும் சிரித்துக்கொண்டு கூட வந்தார்கள்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 17

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நடை தொடங்கிவிட்டீர்களா? தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போங்கள். காலை வெயிலையும் நம்ப முடியவில்லை. என் உடம்பில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஒப்பந்தத்துக்கு நான் உடன்படுகிறேன். கையெழுத்துப் போட ஏதாவது உண்டா என்று யோசித்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

முதலில் ஒரு முறை வகுத்தேன். பூட்டியதும் ஒரு துண்டுச் சீட்டில் "பூட்டினேன்" என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது. சந்தேகம் வரும்போது எடுத்துப் பார்க்கலாம். முதல் நாள் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள், கையிலிருப்பது நேற்றைய சீட்டோ என்று தோன்றியது. அதனால் தேதி போட்டேன். மூன்றாம் நாள், பூட்டுவதற்கு முன்பே எழுதிவிட்டேனோ என்று தோன்றியது. சீட்டு முறையைக் கைவிட்டேன்.

அச்சகத்தில் ஒரு பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினால் என்னை வேலையை விட்டே தூக்கியிருப்பார்கள். மறுபடி பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதே கண்தான் இப்போது பூட்டைப் பார்க்கிறது. அதற்கு ஓய்வு வயது என்று ஒன்று வரவில்லை.

கீழே மாடிப்படி ஓரம் ஒரு தையற்கடை இருக்கிறது. அதை நடத்தும் அம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். நான் ஏறி இறங்குவதைத் தினமும் பார்க்கிறவர். இன்று நான் மூன்றாவது தடவை மேலே ஏறும்போது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "சார், நீங்க இழுக்கிற இழுப்புல பூட்டுக்கே சந்தேகம் வந்துடும், நாம பூட்டா இல்லையான்னு" என்றார். கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மேலே போய்ப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.

முன்னேற்றம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 26

சம்பந்திக்கு வணக்கம்,

அந்தச் சீட்டுக் கதையை வீட்டுக்காரிக்கு மட்டும் படித்துக் காட்டினேன். முழங்கால் வலியை மறந்து சிரித்தாள். மருந்துச் செலவு மிச்சம். உங்களுக்கு நன்றி.

நான் நடக்கிறேன். பிரமாதமாக இருக்கிறது. காலையில் கிளம்பினால் முகத்தில் குளுகுளுவென்று காற்று அடிக்கிறது. சந்தை, தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தாண்டிப் போய்விட்டு வருகிறேன். வேர்ப்பதே இல்லை என்றால் பாருங்களேன்.

உங்கள் சிக்கல் எனக்கு விளங்கிவிட்டது. நான் அத்தனை வருஷம் வண்டி ஓட்டினேனே, ஒரு நாளாவது பின்னால் திரும்பிப் பார்த்திருப்பேனா? ஆள் ஏறினார்களா, இறங்கினார்களா, படிக்கட்டில் கால் வைத்தபடி எவனாவது நிற்கிறானா, எதுவும் என் கவலை இல்லை. அது கண்டக்டர் கவலை. பின்னாலிருந்து இரண்டு தட்டு, "ரைட்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், கியர் போடுவேன். என் கண்டக்டருக்குச் சில்லறை என்று பட்டப்பெயர். யார் கேட்டாலும் அவனிடம் சில்லறை இருக்காது, அதனால். அவன் ரைட் என்றால் ரைட்தான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? டிரைவரும் நீங்களே, கண்டக்டரும் நீங்களே. வண்டி எப்படி நகரும்? சில்லறை இருந்தால் இதை என்னைவிட நன்றாகச் சொல்லுவான்.

உங்களுக்கு ஒரு கண்டக்டர் வேண்டும். அந்தத் தையற்காரம்மாவைக் கேளுங்களேன்.

மருமகளுக்கு இரத்தம் போதுமான அளவு இருக்கிறதாம், டாக்டர் சொன்னார். நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் போடவில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் சம்பந்தி


மே 6

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வேர்க்காமல் நடக்கிறீர்கள் என்பதைப் படித்து வியந்தேன். இங்கே உட்கார்ந்திருந்தாலே வேர்க்கிறது. மற்றபடி என் உடல்நிலைக்கு ஒன்றுமில்லை. மனநிலையைப் பற்றி இதோ எழுதுகிறேன்.

தையற்காரம்மாவிடம் கேட்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன. எப்படித் தொடங்குவது என்று வாக்கியத்தைப் பலமுறை மாற்றினேன். கடைசியில் முழுவதையும் உளறிக்கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இவ்வளவுதானா சார்? நீங்க பூட்டிட்டு இறங்குங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை நான் பூட்டினேன். இறங்கினேன். அவர் கத்தரிக்கோலால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "ரைட், போலாம்!" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்தில் வேகமாக நடந்துவிட்டேன். தெருமுனை வரை வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. பூங்காவைச் சுற்றினேன். செய்தித்தாள் வாங்கினேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படிக்கவும் செய்தேன்.

திரும்பி வந்தபோது என் வீட்டுக்குக் கீழே ஒரு கூட்டம். எல்லாரும் அண்ணாந்து என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. குழாய்க்காரருடைய முகம்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று நான்தான் அவரை வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்து உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் நேரம் வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். உள்ளே ஒரு மனிதர் இருக்க, பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

தையற்காரம்மா நாடாவில் ஒரு பையைக் கட்டி அவருக்குத் தேநீர் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மாடியேறிக் கதவைத் திறந்தேன். குழாய்க்காரர் வெளியே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாதாங்கியைத் தட்டிக்காட்டி, "சார், இனிமே இந்தப் பூட்டைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. உள்ள இருந்து நான் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டிப் பாத்துட்டேன். கதவு திறக்கலை" என்றார். போகும்போது ஆடிக்கொண்டிருந்த திருகாணிகளையும் முறுக்கிவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆளை உள்ளே வைத்துப் பூட்டுகிறவன் பிரசவ நேரத்தில் அங்கே வந்து என்ன உதவி செய்துவிடப் போகிறேன்? ஒப்பந்தத்தை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா? நீங்கள் மட்டும் தொடர்ந்து நடங்கள்.

தங்கள்,
சம்பந்தி


மே 12

சம்பந்தி! சம்பந்தி!

நலம் விசாரிக்கக்கூட நேரம் இல்லை. சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. மருமகள் வந்து, "என்ன மாமா, தனியா சிரிக்கிறீங்க?" என்கிறாள். பழைய நினைப்பு என்று மழுப்பினேன்.

ஒப்பந்தத்தை நிறுத்துவதாவது! உங்களுக்கு உலகத்தில் யாருக்கும் கிடைக்காத சாட்சி கிடைத்திருக்கிறார். உள்ளே இருந்து பூட்டைச் சோதித்த மனிதர்! இன்னும் என்ன வேண்டும்?

நான் செய்ததைக் கேளுங்கள். ஒருநாள் பயணி ஒருவன் விளையாட்டுக்குப் பின்னாலிருந்து "ரைட்" என்று கத்திவிட்டான். நான் எடுத்துவிட்டேன். சில்லறை கீழே நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கண்டக்டரை நடுத்தெருவில் விட்டுவிட்டு நான் பாட்டுக்கு ஓட்டுகிறேன். அவன் எவனுடைய சைக்கிளையோ பிடுங்கிக்கொண்டு துரத்தி வந்து, மூச்சு வாங்க ஏறி, "அண்ணே, நான் இல்லாமயே வண்டி நல்லாத்தான் போவுது போல" என்றான். அவன் பின்னால் இல்லை என்பதே அதுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போதெல்லாம் தெரியவில்லை.

ஆகவே மறுபடி தொடங்குங்கள். பூட்டுவதற்கு முன் "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுங்கள், போதும்.

என் நடை ஜோராகப் போகிறது. நகராட்சி நீச்சல் குளத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். கோடை விடுமுறை ஆயிற்றே, மதிலுக்கு உள்ளே குட்டிப் பிள்ளைகள் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு வாத்து மாதிரி கையைக் காலை அடிப்பதைப் பார்க்கக் கண்கொள்ளாது. நம் பிள்ளையையும் அங்கே சேர்க்க வேண்டும்.

உங்கள் சம்பந்தி


மே 20

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் உடம்பு தேறி வருகிறது என்று எண்ணுகிறேன். நான் இப்போது நன்றாகத் தூங்குகிறேன். நடப்பதால் இருக்கலாம்.

மறுபடி தொடங்கினேன். தினமும் "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று வெறும் வீட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பூட்டுகிறேன். தையற்காரம்மா ரைட் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கும் அவர் காய்கறிப் பையோடு வந்து நின்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் குரல் தெருமுனை வரை கூடவே வருகிறது. நேற்று நான் நூலகம் வரை போனேன். வழியில் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. வந்துவிட்டு, என்னோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, போய்விட்டது.

ஒரு சிறு ஐயம். என் தவறாகவும் இருக்கலாம். நீச்சல் குளத்துக்குள் பிள்ளைகளைப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த மதில் மிக உயரம், ஒட்டகம் மேல் ஏறிப் போனால்தான் உள்ளே தெரியும் என்று மகள் முன்பு ஒருமுறை சொன்ன ஞாபகம். காற்று முகத்தில் அடிப்பது, வேர்க்காமலிருப்பது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது ஒருவேளை நீங்கள் பேருந்தில் போகிறீர்களோ என்று தோன்றிவிட்டது. பிழை பார்த்தே பழகிய கண். தவறு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். பதில் இல்லாததால் உடம்புக்கு ஏதும் இல்லையே என்று கவலையாக இருக்கிறது. மகளிடம் போனில் கேட்டேன். "மாமாவா? நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் பேச்சு குறைஞ்சிருக்கு" என்றாள். நீங்கள் பேச்சைக் குறைத்திருக்கிறீர்கள் என்றால் அது சிறிய விஷயம் இல்லை.

நான் எழுதிய கடைசிப் பத்தியால்தான் என்று அறிகிறேன். எழுதியிருக்கக் கூடாது. தபால்பெட்டியில் போட்ட கடிதத்தை மட்டும் திரும்ப எடுத்துப் பார்க்க வழியே இல்லை.

நான் ஒழுங்காக நடக்கிறேன். நீங்கள் ஒரு வரி போட்டால் போதும்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? தனியாக இருக்கிறோம் என்று ஒருவேளைச் சமையலை இரண்டு வேளைக்கு ஓட்டாதீர்கள். என் முழங்கால் பரவாயில்லை. மருமகள் கண்ணுக்குக் கண்ணாக இருக்கிறாள், கவலை வேண்டாம்.

இவர் உங்கள் கடிதங்களை ரேடியோவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார். வீட்டைத் துடைப்பது யார் என்று நினைக்கிறாரோ தெரியவில்லை.

அண்ணா, நீங்கள் சொன்னது சரிதான். இவர் நடப்பதில்லை. தினமும் விடிந்ததும் குளித்து, காலணி போட்டுக்கொண்டு கேட் வரை போவார். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பேருந்து வரும், ஏறிவிடுவார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு அதே வண்டியில் திரும்பி வருவார். சட்டை துவைக்கும்போது பையில் டிக்கெட் இருக்கும். நான் கேட்டதில்லை.

இவர் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. சில்லறை அண்ணன் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் தவறிவிட்டார். படுத்தார், போய்விட்டார். வேலையை விட்ட பிறகும் அவர்கள் இருவரும் தினம் காலை பணிமனை வரை நடந்து போய்விட்டு வருவார்கள். அவர் வந்து எங்கள் கேட்டில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்பார். இவர் அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவார். அவர் போனதிலிருந்து இவர் அந்த வழியில் நடக்கவில்லை. சர்க்கரை ஏறியதும் அதிலிருந்துதான்.

உங்களுக்கு ரைட் சொல்ல ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குத் தனக்கு வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. வெட்கப்படுகிறார்.

நான் எழுதியது தெரிய வேண்டாம்.

தங்கச்சி


ஜூன் 18

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

நீச்சல் குள மதிலைப் பற்றி நான் எழுதியது பிழை. விசாரித்தேன். சில இடங்களில் மதில் தாழ்வாகத்தான் இருக்கிறதாம். அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

எப்போதிருந்து என்று ஏப்ரலில் கேட்டிருந்தீர்கள். பதில் எழுதத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். சுருக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் எப்போதும் என் மனைவிதான் கதவைப் பூட்டுவாள். நான் முன்னால் இறங்கிப் போய்விடுவேன். அவள் பின்னாலிருந்து "பூட்டியாச்சு" என்பாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லை நான் கவனித்ததுகூட இல்லை. அவள் போன பிறகு முதல் தடவை வெளியே கிளம்பியபோது நானே பூட்டினேன், இறங்கினேன், படியில் நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று தெரியவில்லை. பூட்டவில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து.

உங்களுக்கு இது விளங்கும் என்று தோன்றுகிறது.

ஜூலை முதல் வாரம் புறப்படுகிறேன். பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். எனக்கு ஒரு உதவி வேண்டும். காலை நடை இப்போது வழக்கமாகிவிட்டது, விட்டால் உடம்பு கேட்காது. உங்கள் ஊர்த் தெருக்கள் எனக்குப் பழக்கமில்லை, தனியாகப் போகப் பயமாக இருக்கும். துணைக்கு வர முடியுமா? பணிமனை வரை போனால் போதும்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 25

சம்பந்திக்கு,

வாருங்கள். புதுக் காலணி வாங்கி வைத்திருக்கிறேன்.

மதில் உயரம்தான். வந்ததும் காட்டுகிறேன்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 21

அன்புள்ள தையற்காரம்மாவுக்கு,

வணக்கம். கண் எரிச்சல் குறைந்ததா? இருட்டிய பிறகு கறுப்புத் துணி தைக்க வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் சுகந்தானே? இங்கே எல்லாரும் நலம். புதிதாக ஒரு ஆளும் நலம். அதைக் கடைசியில் எழுதலாம் என்று இருந்தேன், பேனா கேட்கவில்லை. பெண் குழந்தை. என் மகளின் நெற்றி. மீதியெல்லாம் இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் ரைட் சொல்லி அனுப்பிய அன்று நான் ரயில் நிலையத்துக்கு மிகவும் முன்னதாகவே போய்விட்டேன். அது தவறு. திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போகத் தாராளமாக நேரம் இருந்தது. இரண்டு முறை எழுந்து நின்றேன். உங்களுக்குப் போன் செய்து கேட்டுவிடலாம் என்று பார்த்தால், "போன் பண்ணாதீங்க சார், நான் எடுக்கவே மாட்டேன்" என்று நீங்கள் காலையிலேயே சொல்லிவிட்டீர்கள். ஆகவே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கார்டு விசில் ஊதினார். ரைட் வந்துவிட்டால் பின்னால் பார்ப்பது டிரைவர் வேலை இல்லை என்று சம்பந்தி எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. வண்டி நகர்ந்தது. ஜன்னலில் மரங்கள் வரத் தொடங்கின.

கதவைத் திறந்தவள் மகள்தான். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. "அப்பா?" என்றாள். பழக்க தோஷம், அடுத்த கேள்வியே, "வீட்டைப் பூட்டினீங்களா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தெரியலைம்மா" என்றேன்.

உண்மையாகவே தெரியவில்லை. அவள் என் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், சம்பந்தியம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து, "ஏய், மெதுவா சிரி, இங்கேயே பெத்துடப்போற" என்று அதட்டும் வரை. கண்ணில் தண்ணீரும் வந்தது. சிரித்ததால் என்று சொன்னாள். நான் திருத்தவில்லை.

மறுநாள் காலை சம்பந்தி புதுக் காலணியோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்றேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கேட்டில் இரண்டு தட்டுத் தட்டி மெதுவாக "ரைட்" என்றேன். அவர் அசையவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "கேக்கலை கண்டக்டர். என்ஜின் சத்தம்" என்றார். நான் ஆயுளில் இல்லாத அளவுக்குச் சத்தமாக, உங்களைப் போலவே, "ரைட், போலாம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது. அவர் காலை எடுத்து வைத்தார். பணிமனை வரை நடந்தோம். திரும்பும்போது நீச்சல் குளத்து மதிலைக் காட்டினார். ஒட்டகம்தான் வேண்டும்.

குழந்தை பிறந்த அன்று, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை டாக்ஸி கொண்டுவந்தார். ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். தெருமுனையில் சம்பந்தியம்மா, "ஐயையோ, வீட்டைப் பூட்டினோமா?" என்றார். "நீ பூட்டலையா?" என்றார் சம்பந்தி. "நீங்கதானே கடைசியா வந்தீங்க?" மாப்பிள்ளை, "வண்டியைத் திருப்பச் சொல்லட்டுமா?" என்றார். டாக்ஸிக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

மகள் என் கையைப் பிடித்திருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டு விஷயத்தில் நான் அனுபவஸ்தன் என்று நினைத்தார்களோ என்னவோ. நான் டாக்ஸியின் கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"ரைட், போலாம்!"

டாக்ஸிக்காரர் எடுத்த எடுப்பில் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார்.

மாலையில் நானும் சம்பந்தியும் துணிகள் எடுக்க வீட்டுக்கு வந்தோம். கதவு விரியத் திறந்து கிடந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தியின் நாற்காலியில் ஒரு பூனை, அதற்குக் கீழே பால் பாத்திரம் காலி. வேறு எதுவும் போகவில்லை. "உங்க பேச்சைக் கேட்டா வீடே சந்தி சிரிக்கும் சம்பந்தி" என்றார் அவர். "பரவாயில்ல, உள்ள யாரையும் வச்சுப் பூட்டலை" என்றேன். நான் நகைச்சுவையாகப் பேசி அவர் பார்த்ததில்லை. பூனையை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார்.

இன்னும் ஒரு மாதம் இங்கே இருக்கச் சொல்கிறாள் மகள். இருக்கிறேன். குழாய்க்காரரை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் இயந்திரத்தின் மிதிக்கட்டை கிறீச்சிடுவது நின்றதா?

வேறு ஒன்றும் கேட்பதற்கில்லை. பூட்டைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டாம். படித்தாலும் பதில் எழுத வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
மாடி வீட்டுச் சார்